டிரா போதுமா, ஜெயித்தே ஆகணுமா?

2015 நவம்பரில் திருவாரூரில் நடந்த தேசிய பிரீமியர் செஸ் போட்டியில் பட்டம் வென்றவர் கார்த்திகேயன் முரளி. மூன்று ஆண்டு கழித்து ஜம்முவில் தேசிய சாம்பியன் ஆனவர் மதுரைக்காரர் அரவிந்த் சிதம்பரம். இருவரும் 1999-இல் பிறந்தவர்கள், இருவரும் தமிழ்நாட்டுக் கிராண்ட்மாஸ்டர்கள். ஆனால் போட்டியின் அமைப்பு மாறிவிட்டது. திருவாரூரில் தேர்ந்தெடுத்த ஆட்டக்காரர்கள் மட்டும், ஒவ்வொருவரும் மற்ற எல்லோரோடும் மோதும் ரவுண்ட் ராபின். ஜம்முவிலோ பெருங்கூட்டம் கலந்துகொள்ளும் ஸ்விஸ் முறை. ஒரே அளவு புள்ளி வைத்திருப்பவர்கள் அடுத்த சுற்றில் மோத வேண்டும்.

ஓப்பனிங் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த மாற்றத்தைக் கண்டுகொள்வதில்லை. சிசிலியனா, காரோ-கானா, லண்டனா என்ற வாதம்தான் நடக்கிறது. அட்டவணை கேட்பது டிராவையா வெற்றியையா என்பது அதற்கு முந்தைய கேள்வி.

கணக்கு எளிது. 11 சுற்று ஸ்விஸ் போட்டியில் ஒருவருக்கு ஆறு முறை வெள்ளை, ஐந்து முறை கறுப்பு கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். கறுப்பில் எல்லா ஆட்டத்தையும் பத்திரமாக டிரா செய்கிறார் என்றால், வெள்ளையில் ஆறையும் வென்றாலும் 8.5 புள்ளிதான். ஆறுக்கு ஆறு வெல்வது நடக்கிற காரியமா? ஆகவே பட்டம் வேண்டுமென்றால் கறுப்பிலும் சிலரைச் சாய்த்தே தீர வேண்டும். அதிலும் தொடக்கச் சுற்றுகளில் எதிரே உட்காருவது தரப்புள்ளியில் முந்நூறு, நானூறு குறைந்த இளைஞர். அவரிடம் அரைப் புள்ளி கொடுத்தால் தரப்புள்ளியும் போகும், முன்வரிசை மேசையும் போகும்.

ரவுண்ட் ராபினில் நிலைமை வேறு. எந்தச் சுற்றில் யாரோடு, எந்த நிறத்தில் என்பது முன்பே தெரிந்துவிடும். ஒவ்வொரு எதிராளிக்கும் தனித்தனியாகத் தயாராகலாம். பலசாலியிடம் கறுப்பில் டிரா எடுத்து, மற்றவர்களிடம் வெள்ளையில் அறுவடை செய்யலாம். பெட்ராஃப், பெர்லின் போன்ற இறுக்கமான தற்காப்புகள் அங்கே பொன்னானவை. ஸ்விஸ் முறையில் அதே பெட்ராஃப், எதிராளி காய்களை வெட்டி வெட்டி டிராவுக்கு இழுக்கும்போது, ஆடுபவரின் கையையே கட்டிப்போடும். அப்போதுதான் சிசிலியன், கிங்ஸ் இந்தியன், பிர்க் என்று நிலையைச் சமனில்லாமல் வைத்துக்கொள்ளும் ஓப்பனிங்குகள் தேவைப்படுகின்றன. கொஞ்சம் ஆபத்து இருக்கிறதுதான். ஆனால் காய்கள் பலகையில் இருக்கும், தவறு செய்ய எதிராளிக்கும் இடம் இருக்கும்.

இதை மிகத் தெளிவாகக் காட்டியது தேசியப் போட்டி அல்ல, 2013 நவம்பரில் சென்னையில் நடந்த உலக சாம்பியன்ஷிப். ஆனந்த்–கார்ல்சன் மோதிய பத்து ஆட்டங்களில் நான்கில் பெர்லின் வந்தது: 4, 6, 7, 8. இந்தப் பெர்லின் 2000-இல் லண்டனில் காஸ்பரோவுக்கு எதிரான உலக சாம்பியன்ஷிப் தொடரில் கிராம்னிக் தூசு தட்டி எடுத்தது. அந்தத் தொடரில் காஸ்பரோவால் ஒரு ஆட்டம்கூட வெல்ல முடியவில்லை. சென்னையில் ராஜா முன்னால் உள்ள சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளியே தொடங்கிக்கொண்டிருந்த ஆனந்த், 5, 6-ஆம் ஆட்டங்களில் தோற்று இரண்டு புள்ளி பின்தங்கினார். 9-ஆம் ஆட்டத்துக்கு வந்தபோது டிரா எந்த உதவியும் செய்யாது என்ற நிலை. அன்று ராணி முன்னால் உள்ள சிப்பாயைத் தள்ளி, நிம்ஸோ-இந்தியனில் நேராக ராஜாவைக் குறிவைக்கும் வழியில் இறங்கினார். தாக்குதல் உண்மையிலேயே பயமுறுத்தியது. 28-வது நகர்த்தலில் குதிரையைத் தவறான கட்டத்துக்கு இறக்கியதால் ஆட்டம் முடிந்தது. தோற்றார் என்பதற்காக அந்தத் தேர்வைக் குறை சொல்வது அநியாயம். அன்று பெர்லினுக்கு எதிராக இன்னொரு முறை சுவரில் முட்டியிருந்தால்தான் கேள்வி கேட்டிருக்க வேண்டும்.

2024 சிங்கப்பூர் உலக சாம்பியன்ஷிப்பிலும் இதே தர்க்கம்தான், பாத்திரங்கள் மட்டும் மாறின. 11-ஆம் ஆட்டத்தில் குகேஷ் 29 நகர்த்தலில் வென்று முந்தியதும், டிங் லிரன் அடுத்த நாளே இங்கிலீஷ் ஓப்பனிங்கை எடுத்து வென்று சமன் செய்தார். கடைசியான 14-ஆம் ஆட்டத்தில் அதே டிங், வெள்ளைக் காய்களோடு, காய்களைக் குறைத்து டிராவை நோக்கிப் போனார். ரேபிட் டைபிரேக்கில் தன் கை ஓங்கும் என்ற நம்பிக்கையாக இருக்கலாம். ஒரு சிப்பாய் குறைந்த இறுதிக்கட்டத்தில் நின்று நின்று, 55-வது நகர்த்தலில் யானையைத் தப்பான இடத்தில் வைத்தார். 7.5–6.5 என்று தொடர் முடிந்தது.

லண்டன் சிஸ்டத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். படிக்கச் சோம்பல்படுபவர்களின் ஆயுதம் என்று பயிற்சியாளர்கள் பலர் அதைக் கேலி செய்வார்கள். 2023 அஸ்தானா உலக சாம்பியன்ஷிப்பில் நெப்போம்னியாச்சியை டிங் 6-ஆம் ஆட்டத்தில் வீழ்த்தியது அந்தச் சோம்பேறி ஆயுதத்தால்தான். அடுத்த ஆண்டு குகேஷுக்கு எதிராக 6, 10 ஆட்டங்களில் அதையே எடுத்தார், இரண்டும் டிரா.

ஆட்டத்தின் விதி ஓப்பனிங்கைத் தீர்மானிப்பது இந்தியாவில் புதிதும் அல்ல. பழைய இந்திய விதியில் சிப்பாய்க்கு முதல் நகர்த்தலில் இரண்டு கட்டம் போகும் உரிமை கிடையாது. ஒவ்வொரு கட்டமாக மெல்லத் தள்ளி, ஓரத்திலிருந்து காய்களை விரிக்கும் பழக்கம் அதிலிருந்து வந்தது. 1850-களில் கல்கத்தாவில் ஜான் காக்ரேனை எதிர்த்து மகேஷ் சந்திர பானர்ஜி ஆடிய ஆட்டங்களில், பின்னாளில் ‘இந்தியன் டிஃபென்ஸ்’ எனப் பெயர் பெற்ற அமைப்புகள் அப்போதே தெரிகின்றன. அந்த உள்ளூர் விதியிலிருந்து சர்வதேச விதிக்கு நாடு முழுமையாக மாறிய காலத்தின் நாயகன் மானுவேல் ஆரோன்: ஒன்பது முறை தேசிய சாம்பியன், 1961-இல் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர். 1972-இல் சென்னை சோவியத் கலாச்சார மையத்தில் அவர் தொடங்கிய தால் செஸ் கிளப்பில்தான் சிறுவன் ஆனந்த் மின்னல் வேகத்தில் ஆடிப் பழகினார். பதினாறு வயதில் ஆனந்த் தேசியப் பட்டம் வென்ற அந்தக் காலத்தில், புதிய நகர்த்தல் ஒன்று பெல்கிரேடிலிருந்து வரும் இன்ஃபர்மேட்டர் புத்தகத்தில் அச்சாகிக் கைக்கு வரும்வரை மாதக்கணக்கில் ரகசியமாக இருக்கும். இன்று காலைச் சுற்றில் ஆடியது மாலைக்குள் எல்லோர் மடிக்கணினியிலும்.

அதனால்தான் இப்போதைய தேசியப் போட்டிகளில் ஆழமான ரகசியத்தைவிட அகலமான கையிருப்பு பெரிதாகிவிட்டது. ஜோடி அறிவிப்புக்கும் ஆட்டத்துக்கும் இடையே சில மணி நேரம்தான். எதிராளி உங்கள் பழைய ஆட்டங்களைப் புரட்டி முடிப்பதற்குள் நீங்கள் வேறு கதவைத் திறக்க வேண்டும். 2022 கான்பூரில் பட்டம் வென்ற அர்ஜுன் எரிகைசி, ஓபன் போட்டிகளில் விடாமல் ஆடி 2024 டிசம்பரில் 2800 தரப்புள்ளியைத் தாண்டியதற்குப் பின்னால் இந்தத் துணிச்சல் இருக்கிறது. அவர் டிராவுக்கு உட்காருவதை அபூர்வமாகத்தான் பார்க்க முடியும்.

இது கிராண்ட்மாஸ்டர்களின் பிரச்சினை மட்டுமா? 2022-இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தது. அதையொட்டி அரசுப் பள்ளிகளில் பள்ளி, வட்டாரம், மாவட்டம் என்று போட்டிகள் வைத்தார்கள். விருதுநகர் மாவட்டத்தில் சாத்தூர், சிவகாசிப் பக்கத்துப் பிள்ளைகளும் அந்த அலையில் பலகைக்கு வந்தவர்கள்தான். அவர்கள் ஆடுவதும் பெரும்பாலும் ஒரே நாளில் முடிந்துவிடும் ரேபிட் ஸ்விஸ். ஆறேழு சுற்றில் ஒரு டிராவே பரிசை இழக்கவைக்கும் இடத்தில், பெர்லின் இறுதிக்கட்டத்தின் பதினைந்து நகர்த்தலை நோட்டில் எழுதி மனப்பாடம் செய்வதில் பலன் குறைவு. எதிரே இருக்கும் பிள்ளை நாலாவது நகர்த்தலிலேயே புத்தகத்தை விட்டு வெளியே போய்விடும். வெள்ளையில் இத்தாலியன் அல்லது ஸ்காட்ச், கறுப்பில் சிசிலியனோ காரோ-கானோ ஏதாவது ஒன்று, அதில் பிஷப்பும் குதிரையும் எங்கே போகும், ஏன் போகும் என்ற தெளிவு: அந்த அளவு போதும். நாலு மூவ் மேட்டை நம்பி ராணியைச் சீக்கிரம் வெளியே இழுக்கும் பழக்கத்தை மட்டும் முதல் வாரமே நிறுத்தச் சொல்லலாம்.

2025-இல் குண்டூரில் நடந்த தேசியப் போட்டியை வென்றவர் ஈரோட்டின் இனியன். 2014-இல் சேதுராமன், 2015, 2016-இல் கார்த்திகேயன், 2018, 2019-இல் அரவிந்த் என்று நீளும் தமிழ்நாட்டு வரிசையில் அடுத்த பெயர். இவற்றில் 2014 முதல் 2016 வரையிலான வெற்றிகள் பழைய பிரீமியர் முறையில், மற்றவை புதிய ஓபனில். இவர்களின் கறுப்பு ஆட்டங்களை மட்டும் தனியே எடுத்து அடுத்தடுத்து ஓட்டிப் பார்ப்பது, விருதுநகர் மாவட்டத்துப் பயிற்சியாளர் எவருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை.