மறதி மன்னிப்பாகுமா?

அறிவியல் புனைகதை என்றவுடன் விண்கலங்களும் விந்தை உருவம் கொண்ட வேற்றுக்கோள் மாந்தருமே நம் நினைவுக்கு வருவர். அதை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுவோர் நம்மிடையே பலர். ஆயினும் அத்துறையில் தோன்றிய நல்ல படைப்புகள், நாளைய உலகைக் காட்டுவதாகச் சொல்லி இன்றைய மனிதனின் மனச்சான்றையே சோதிக்கின்றன. 'பாபிலோன் 5' என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் 1995 நவம்பரில் ஒளிபரப்பான 'கெத்சமனியைக் கடந்து' என்னும் பகுதி அத்தகையது. அத்தொடரின் இரசிகர் என்ற நிலையில் நாம் இப்பகுதியை மிக உயர்வாக மதிக்கிறோம். ஆனால் பிற இரசிகர்கள் பொதுவாக அதைப் போற்றும் காரணம் ஒன்று. நாம் போற்றும் காரணம் வேறு. அதில் நாம் காணும் குறையும் ஒன்று உண்டு.

1994 முதல் 1998 வரை ஐந்து பருவங்களாக வெளிவந்த இத்தொடரின் 110 பகுதிகளுள் 92 பகுதிகளை ஜே. மைக்கேல் ஸ்ட்ராசின்ஸ்கி என்ற ஒருவரே எழுதினார். இவர் தம்மை நாத்திகர் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொள்பவர். எனினும் சமயத்தைப் பழங்காலத்தின் எச்சமாக அவர் காட்டவில்லை. மனிதரும் வேற்றினத்தாருமாக இரண்டரை இலட்சம் பேர் வாழும் விண்வெளி நிலையம் ஒன்றில், ஒரு கத்தோலிக்கத் துறவு மடத்தையே அவர் குடியேற்றினார். பிற இனத்தார் கடவுளை எப்பெயரால் அழைக்கின்றனர் என்று அறியவே அத்துறவியர் அங்கு வருகின்றனர். நம்பிக்கையற்ற ஒருவர் நம்பிக்கையாளரை இவ்வளவு மதிப்போடு படைத்திருப்பது நம் நன்றிக்குரியது.

கதை இதுதான். அம்மடத்தில் எட்வர்ட் என்றொரு சகோதரர் இருக்கிறார். எளியவர், இனியவர், அனைவருக்கும் உதவுபவர். 'நீங்கள் பின்பற்றும் சமயத்தின் உயிர்நாடி எது?' என்று வேற்றினத்தார் கேட்கும்போது, அவர் கெத்சமனித் தோட்டத்தைக் குறிப்பிடுகிறார். தம்மைப் பிடிக்க வருவோரை இயேசு அறிந்திருந்தார், எழுந்து அப்பால் சென்றிருக்கலாம், ஆயினும் காத்திருந்தார். அவ்விடத்தில் தாம் இருந்திருந்தால் நின்றிருப்போமா என்பதே எட்வர்டை நெடுநாளாக வாட்டும் வினா. பிறகு விந்தையான நிகழ்ச்சிகள் தொடங்குகின்றன. கறுப்பு ரோசா ஒன்று கிடைக்கிறது, சுவரில் குருதியால் எழுதிய சொற்கள் தெரிகின்றன, அலறல்கள் கேட்கின்றன. இறுதியில் உண்மை வெளியாகிறது. அவர் முன்னாளில் பெண்கள் பலரைக் கொன்ற கொலைஞர். மரண தண்டனைக்கு மாற்றாக, அக்காலத்துச் சட்டம் அவருடைய நினைவு முழுவதையும் அழித்து, பிறருக்குத் தொண்டாற்றும் வேறொரு மனிதராக அவரை ஆக்கிவிட்டது. கொலையுண்டோரின் உறவினர்கள், மனத்தை ஊடுருவும் ஆற்றல் கொண்ட ஒருவரை அமர்த்தி அந்நினைவைக் கிளறிவிட்டிருக்கின்றனர். அவர்கள் தம்மைத் தேடி வருவார்கள் என்று அறிந்தும் எட்வர்ட் தப்பி ஓடவில்லை. அவர்கள் கையில், சிலுவைச் சாவை நினைவூட்டும் விதத்தில், அவர் உயிர் பிரிகிறது.

இதைக் கண்ட இரசிகர் எவரையும் முதலில் பற்றிக்கொள்வது எட்வர்டின் கிறிஸ்துச் சாயல்தான். அச்சாயல் உண்மையே. பிராட் டூரிஃப் என்னும் நடிகரின் அடங்கிய குரலும் கலங்கிய கண்களும் அதற்குத் துணைபுரிகின்றன. ஆனால் அதோடு நின்றுவிட்டால் இப்படைப்பின் ஆழத்தை இழந்துவிடுவோம். கெத்சமனியில் நின்றவர் மாசற்றவர். பிறர் பாவத்தைச் சுமக்க நின்றார். எட்வர்டோ தம் பாவத்தைத் தேடிக் கண்டுபிடித்து, அதைத் தமதென்று ஏற்றுக்கொள்ளவே நிற்கிறார். அவருடைய இடம் நடுச் சிலுவையன்று. அதன் அருகே தொங்கிய நல்ல கள்வனின் சிலுவை.

இப்பகுதியின் மையமாக நாம் கருதுவது எட்வர்ட் தம் மடத்தலைவர் தியோவிடம் எழுப்பும் வினாவையே. செய்த பாவம் இன்னதென்று நினைவில்லாதபோது அதை இறைவனிடம் எவ்வாறு அறிக்கையிடுவது? நம் மறைக்கல்வி நூல்கள் இவ்வினாவுக்கு ஒருவகையில் விடை தந்துள்ளன. மனத்துயர், பாவ அறிக்கை, பரிகாரம் என மூன்றையும் ஒப்புரவு அருளடையாளத்தில் பாவியின் பங்காகத் திரெந்துப் பொதுச்சங்கம் 1551ஆம் ஆண்டில் வரையறுத்தது. உளமார ஆய்ந்தபின்னும் நினைவுக்கு வராத பாவங்கள் அவ்வறிக்கையிலேயே அடங்கும் என்றும் அது கற்பித்தது. ஆகவே எட்வர்டுக்கு மன்னிப்பு உண்டா என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அவர் அவ்விடையால் அமைதியடையவில்லை. மன்னிப்பைப் பெறுவது மட்டும் அவருக்குப் போதவில்லை. எதற்காக மன்னிக்கப்படுகிறோம் என்றும் அறிய விழைகிறார். சேவல் கூவியபோது பேதுருவை அழவைத்தது நினைவு. நினைவு திரும்பாதிருந்தால் அக்கண்ணீரும் இல்லை. தம் 'ஒப்புதல்கள்' நூலின் பத்தாம் பகுதியில் இறைவனைத் தேடிப் புறப்படும் புனித அகுஸ்தீனாரும் நினைவின் அறைகளுக்குள்ளேதான் நுழைகிறார்.

இவ்விடத்தில் இப்படைப்பு ஒரு கடுமையான உண்மையைத் தொடுகிறது. உயிரைப் பறிக்காமல் நினைவை மட்டும் பறிக்கும் தண்டனை இரக்கமுள்ளதாகத் தோன்றுகிறது. மரண தண்டனை ஏற்கத்தகாதது என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2018ஆம் ஆண்டில் திருச்சபையின் மறைக்கல்வி ஏட்டைத் திருத்தி அமைத்தார். குற்றவாளி மீட்படையும் வாய்ப்பை அறுதியாகப் பறித்துவிடலாகாது என்பது அங்குச் சுட்டப்படும் காரணங்களுள் ஒன்று. அவ்வளவுகோலைக் கொண்டு இக்கதையின் சட்டத்தை அளந்து பார்ப்போம். உடல் வாழ்கிறது, மனம் திரும்ப வேண்டிய மனிதனோ இல்லை. மரணம் பறிப்பதையே அதுவும் பறிக்கிறது, குருதி சிந்தாமல்.

அது பறிப்பது குற்றவாளியிடமிருந்து மட்டுமன்று. கொலையுண்டோரின் உறவினரை இப்பகுதி வெறும் கொடியவராகக் காட்டவில்லை. தம் மகளைக் கொன்றவன் ஒரு நாளேனும் தம் முன் நின்று 'நான் செய்தேன்' என்று சொல்ல வேண்டும் என்பது எந்தத் தந்தைக்கும் உள்ள உரிமை. அரசு அதை அவர்களைக் கேளாமலே அழித்துவிட்டது. மன்னிப்பதற்கும் ஆளில்லை, சினப்பதற்கும் ஆளில்லை. அவ்வெறுமையே அவர்களைக் கொலைஞராக்குகிறது. பழிவாங்குதலை நாம் ஏற்கவில்லை. ஆனால் மேலிருந்து திணிக்கப்படும் மறதி பழியுணர்ச்சியை ஆற்றுவதில்லை, வளர்க்கிறது என்பதை இப்பகுதி உணர்த்தும் அளவுக்கு வேறெதுவும் நமக்கு உணர்த்தியதில்லை.

இனி, குறை. எட்வர்டைக் கொன்ற மால்கம் என்பவரும் அதே தண்டனை பெறுகிறார். இறுதிக் காட்சியில் அவரும் துறவாடையுடன் தோன்றுகிறார். தியோ அவரைத் தம் சபையில் ஏற்றுக்கொண்டிருக்கிறார். கொலைஞனையே சகோதரனாக ஏற்கும் அன்பு என்று உருகுவது எளிது. நமக்கோ நெருடுகிறது. வன்முறையாலோ பேரச்சத்தாலோ வஞ்சகத்தாலோ தூண்டப்பட்டவரை நவதுறவில் சேர்ப்பது செல்லாது என்று 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு (எண் 643) கூறுகிறது. துறவின் உயிர் உரிமையுள்ள விருப்பம். விருப்பத்தையே அரசு எழுதித் தந்த ஒருவரின் வார்த்தைப்பாடு எத்தகையது? இவ்வினாவைத் தியோ எழுப்பவில்லை, ஆசிரியரும் எழுப்பவில்லை. எட்வர்டின் சாவைக் கண்ட மடம், அச்சாவுக்குக் காரணமான அதே முறையின் விளைவை ஐயமின்றி ஏற்றுக்கொள்கிறது. அவ்விடத்தில் கதை தன் வினாவைத் தானே கைவிட்டுவிட்டது.

எனினும் அக்காட்சியில் ஒரு நொடி எல்லாவற்றையும் ஈடுசெய்கிறது. நிலையத்தின் தலைவர் ஷெரிடன் முன்னே மால்கம் கைநீட்டுகிறார். யாருடைய கை அது என்று ஷெரிடனுக்குத் தெரியும், மால்கமுக்குத் தெரியாது. வெறுப்பு முகத்தில் ஏறுகிறது, ஷெரிடன் தயங்குகிறார், பின் அக்கையைப் பற்றுகிறார். மறந்தவனுக்கு அது வெறும் கைகுலுக்கல். நினைவுள்ளவருக்கு மட்டுமே அது மன்னிப்பு.

'நடந்ததை மறந்துவிட்டேன்' என்று சொல்லி மன்னித்ததாக எண்ணிக்கொள்ளும் வழக்கம் நம் குடும்பங்களிலும் உண்டு. பங்காளிகளிடையே பல ஆண்டுகள் பேச்சில்லாமல் போன பிறகும், ஒரு திருமணத்திலோ அடக்கத்திலோ அச்சொல்லைச் சொல்லிக் கடந்துவிடுகிறோம். மறந்தது உண்மையானால் அங்கு மன்னிக்க ஒன்றுமில்லை. மறவாதிருந்தும் கைநீட்டுகிறோமா என்பதே வினா. கெத்சமனி நாம் ஒருமுறை கடந்து வந்த தோட்டமன்று. வெறுக்கத்தக்க ஒருவர் நம் முன் வந்து நிற்கும்போதெல்லாம் நாமும் அங்கே நிற்கிறோம். எழுந்து போய்விடவும் வழி இருக்கிறது.