குருவியின் அலகும் 'வளர்ச்சி' என்னும் சொல்லும்

விஞ்ஞானம் பயிலாதார்க்குப் பரிணாமத்தை எடுத்துரைக்க முற்படும் நூல்கள் பல, குரங்கிலே தொடங்கி மனிதனிலே முடிகின்றன. படிப்போரும், உயிர்கள் யாவும் ஏணிப்படி ஏறி மேலே வருகின்றன என்று கொள்கின்றனர். தமிழில் இப்பிழைக்குப் 'பரிணாம வளர்ச்சி' என்ற தொடரே துணை போகிறது. 'வளர்ச்சி' என்றதும் நாற்று மரமாவதே மாணவன் மனக்கண்ணில் தோன்றும். இலங்கையில் வழங்கும் 'கூர்ப்பு' என்பதும், தொல்காப்பிய உரியியல் காட்டும் பொருளை நோக்கின், உள்ளது சிறத்தலையே குறிக்கும். ஆகவே அதனாலும் இவ்விடர் முற்றும் நீங்காது.

அமெரிக்க எழுத்தாளர் ஜோனதன் வீனர் 1994இல் வெளியிட்டு, அடுத்த ஆண்டில் புலிட்சர் பரிசு பெற்ற 'த பீக் ஆஃப் த ஃபிஞ்ச்' என்னும் ஆங்கில நூல் இவ்வேணியை அடியோடு சாய்த்துவிடுகிறது. ஃபிஞ்ச் என்பது விதை தின்னும் சிறு குருவி. பசிபிக் கடலின் கலாபகஸ் தீவுக் கூட்டத்திலுள்ள டாப்னி மேஜர் என்ற சிறு தீவில், பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் என்னும் தம்பதியர் 1973 முதல் இக்குருவிகளைப் பிடித்து, காலில் வளையமிட்டு, அலகை அளந்து வந்தனர். நூலின் உயிர் அவ்வளவையில்தான் இருக்கிறது.

1977இல் மழை பொய்த்தது. மெல்லிய சிறு விதைகள் தீர்ந்துபோயின. எஞ்சியவற்றுள் முக்கியமானது நெருஞ்சிக்கு உறவான ஒரு செடியின் முள்நிறைந்த வன்காய். அதனை உடைக்கப் பருத்த அலகு வேண்டும். ஏறத்தாழ 1,200ஆக இருந்த ஒருவகைக் குருவிகள் ஆண்டிறுதியில் 180 அளவிற்குச் சுருங்கின. பிழைத்தவற்றின் சராசரி அலகுப் பருமன் முன்னையதைவிட அரை மில்லிமீட்டர் மிகுதி. அரை மில்லிமீட்டர்தானா என்று வாசகர் நகைக்கலாம். உயிருக்கும் சாவுக்கும் இடையே இருந்தது அவ்வளவே!

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. எந்தக் குருவியும் முயன்று தன் அலகைப் பெருக்கிக்கொள்ளவில்லை. சிற்றலகின மிகுதியாக மடிந்தன. பேரலகின மிகுதியாக எஞ்சின. அவற்றின் குஞ்சுகள் பெற்றோரை ஒத்துப் பிறந்தன. இயற்கைத் தேர்வு என்பது இதுவே. பின்னர் 1983இல் எல் நினோவால் பெருமழை கொட்டியது. கொடிகள் படர்ந்து நெருஞ்சியினத்தை மூடின. சிறு விதைகள் மலிந்தன. அதனை அடுத்த வறட்சியில் பெருங்குருவிகளே அதிகம் மாண்டன. முன்பு உயர்வு எனப்பட்டது இப்போது சுமையாயிற்று. இதில் 'வளர்ச்சி' எங்கே?

நூலிலே குறையும் உண்டு. டாப்னியிலிருந்து டார்வின் காலத்திற்கும், அங்கிருந்து ஆய்வுக்கூடத்திற்கும் ஆசிரியர் தாவுவதால், புதிய வாசகர் வழி தப்புதல் கூடும். பாறைகளில் பதிந்த தொல்லுயிர்ச் சான்றுகளுக்கு இடம் குறைவு. அதற்கு வேறு நூலை நாடவேண்டும். பூச்சிமருந்துக்கு ஈடுகொடுக்கும் அந்துப்பூச்சிகளையும், மருந்துக்கு அடங்காத கிருமிகளையும் பற்றிய பிற்பகுதியோ, தோட்டத்து மக்களுக்கும் எளிதில் விளங்கும்.

தமிழாக்க முன்வருவோர் 1977, 1983 ஆகிய ஈராண்டுச் செய்திகளைக் கொண்ட இயல்களை முதலில் பெயர்ப்பாராக. 'வளர்ச்சி' என்ற சொல்லை அவற்றுள் ஓரிடத்தும் புகவிடாதிருத்தல் வேண்டும்.