எந்த விண்டோஸ் என்று எதை வைத்து முடிவு செய்வது?

ஈப்போவில் ஓர் அச்சகமாக இருக்கலாம், சுங்கை சிப்புட், சிம்மோர் பக்கம் பழைய ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியாகவும் இருக்கலாம். தமிழ் மென்பொருள் நிறுவ வருபவர் கேட்கும் முதல் கேள்வி, "விண்டோஸ் ஹோமா, புரோவா?" என்பதுதான். தமிழ் தட்டச்சைப் பொறுத்தவரை இந்தக் கேள்வியால் பயனில்லை என்பது என் கருத்து.

காரணம் உண்டு. விண்டோஸில் தமிழ் ஒருங்குறி ஆதரவு விண்டோஸ் 2000இல் வந்தது. எக்ஸ்பியில் சிக்கலான எழுத்துமுறைகளுக்கான பெட்டியில் குறியிட்டு, கோப்புகளை நிறுவ வேண்டியிருந்தது. ஹோம் என்றாலும் புரொஃபெஷனல் என்றாலும் அதே வேலைதான். ஒலிப்புமுறைத் தமிழ் விசைப்பலகை 2019 மே மாதத்து 1903 வெளியீட்டில் சேர்ந்தது. மலேசியரான முத்து நெடுமாறன் முரசு அஞ்சல் வழியாகப் பரப்பிய அஞ்சல் விசைப்பலகை, விண்டோஸ் 11 காலத்தில் உள்ளே வந்தது. இவை அனைத்திலும் தீர்மானிப்பது வெளியீட்டு எண். பதிப்பின் பெயருக்கு அதில் பங்கில்லை.

பதிப்பு முக்கியமாகும் இடங்களும் இருக்கின்றன. பள்ளிக் கணினி அறையை டொமைனில் இணைப்பதற்கும், குழுக் கொள்கைகளால் கட்டுப்படுத்துவதற்கும் ஹோம் போதாது. மடிக்கணினிகளோடு வரும் 'ஹோம் சிங்கிள் லாங்குவேஜ்' பதிப்பில் கூடுதல் திரைமொழி சேர்க்க உரிமம் இடம் தராது. தமிழில் தட்டச்சு செய்வதை அது தடுக்காது. இந்த வேறுபாட்டை அறியாமல், தமிழ் எழுதுவதற்காக மட்டும் புரோவுக்குப் பணம் கட்டச் சொல்வது அநியாயம். தோட்டத்துப் பள்ளியின் கையிருப்பில் அது சிறிய தொகை அல்ல.

சரி, கணினியில் இருப்பது எது என்று எப்படி அறிவது? பலரும் முதலில் பார்ப்பது அடிப்பக்க ஒட்டியை. அது வாங்கிய நாளின் நிலையைத்தான் சொல்லும். 2015 ஜூலை 29 முதல் கிடைத்த இலவச மேம்படுத்தலில் விண்டோஸ் 7 ஹோம் பிரீமியம், விண்டோஸ் 10 ஹோம் ஆனது. அல்டிமேட், புரோ ஆனது. ஒட்டி மட்டும் மாறவில்லை.

விண்டோஸின் அமைப்புப் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் உள்ள 'புராடக்ட் நேம்' இன்னும் மோசமான சாட்சி. விண்டோஸ் 11 ஓடும் கணினியிலும் அது விண்டோஸ் 10 என்றே எழுதி வைத்திருக்கிறது. அதை நம்பி எழுதிய நிறுவல் நிரல் தவறான பாதையில் போகும். நிரல்கள் விண்டோஸின் எண்ணைக் கேட்கும் பழைய 'கெட்வெர்ஷன்எக்ஸ்' அழைப்பும் அப்படித்தான்: புதிய விண்டோஸை அறிந்ததாக அறிவிக்காத நிரலுக்கு, 8.1 முதல் அது 6.2 என்றே பதில் தருகிறது. பழைய மென்பொருள் உடையாமல் ஓட வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. நோக்கம் நியாயமானதே, ஆனாலும் அடையாளம் காண அந்தப் பதில் உதவாது.

நம்பத்தக்கவை இரண்டு. ஒன்று, அதே ரெஜிஸ்ட்ரியில் உள்ள 'எடிஷன் ஐடி'. அதில் ஹோம் 'கோர்' என்றும், ஒருமொழிப் பதிப்பு 'கோர் சிங்கிள் லாங்குவேஜ்' என்றும் பதிவாகியிருக்கும். மற்றொன்று பில்டு எண். சாதாரணப் பயனர் கணினியில் அது 22000 அல்லது அதற்கு மேல் இருந்தால் விண்டோஸ் 11. இரண்டையும் சேர்த்துப் படிக்கும் நிரல் தடுமாறாது. அதைவிடவும் சிறந்தது, தேவையான வசதி இருக்கிறதா என்று நேரடியாகச் சோதிப்பது. எழுத்துரு வேண்டுமென்றால் எழுத்துருவைத் தேடலாமே, பெயரைக் கேட்டு ஊகிப்பது எதற்கு?

மனிதர்களுக்கு 'வின்வெர்' போதும். விண்டோஸ் விசையோடு ஆர் அழுத்தி அதைத் தட்டினால் பதிப்பு, வெளியீடு, பில்டு எண் எல்லாம் ஒரே சிறு சன்னலில் வந்துவிடும்.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. எந்தக் கணினி இன்னும் அதில் ஓடுகிறது என்பதும் இப்போது தெரிய வேண்டும். எனவே பள்ளிப் பொறுப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஒவ்வொரு கணினியிலும் வின்வெர் சன்னலைக் கைப்பேசியில் படமெடுத்து, நிறுவ வருபவருக்கு முன்கூட்டியே வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். அதைப் பார்க்காமல் விலை சொல்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.