இளையோரும் இசை நாடக வசனமும்

மும்பைத் தமிழ் இளையோரை இசை நாடகம் ஈர்க்க முயலுதல் தகும். இளையோர் இக்கலைக்கு அயலார் அல்லர். சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் நடித்தோர் சிறுவர்களே. ஆயின், திரைமெட்டுகளைப் புகுத்துதல் வீண். திரைப்பாடல் கேட்க எவரும் நாடக அரங்கிற்கு வரவேண்டியதில்லை. தடை வசனத்தில் உள்ளது. வீட்டில் மட்டும் தமிழ் பேசி, பள்ளியில் மராத்தியும் இந்தியும் ஆங்கிலமும் பயில்வோருக்கு ‘பிராணநாதா’ என்னும் விளி எட்டுவதில்லை. ‘ஸ்பெஷல்’ நாடக மரபிலோ பாடல்களே பெரிதும் நிலையானவை. வசனத்தை நடிகர் மேடையிலேயே விரித்துக்கொள்வர். எனவே ‘வள்ளி திருமண’த்துப் பாடல்களைத் தொடாமல், வள்ளி–நாரதர் தர்க்கத்தைப் பேச்சுத் தமிழில் நிகழ்த்துவது மரபு மீறலாகாது. எவ்வழக்கில் என்பதே மொழிபெயர்ப்பாளர் முன்னுள்ள சிக்கல்: தாராவியில் நெல்லை வழக்குச் செல்வாக்குடையது, மாதுங்காவிலும் செம்பூரிலும் பாலக்காட்டுத் தமிழும் ஒலிக்கிறது.