மீளிசையும் மாணவர் இசைக்குழுவும்: ஒரு நோக்கு

பல்கலைக்கழக இசைவிழாக்களில் மாணவர் குழுவொன்று புகழ்பெற்ற பாடலொன்றைப் பாடி முடித்ததும் அவையோரிடமிருந்து எழும் உச்சப் பாராட்டு, 'பதிவிற் கேட்டவாறே இருந்தது' என்பதாகும். குறை கூறுவோரும் இதே அளவுகோலையே கையாள்வர். மூலத்திலுள்ள வயலின் இங்கு இல்லை; பாடகரின் குரல் மூலப்பாடகரின் குரலை எட்டவில்லை; இடையிசை பாதியாகக் குறைந்துவிட்டது என்பனவே அவர்தம் குறைகள். பாராட்டும் கண்டனமும் ஒரே எடுகோளிலிருந்தே பிறக்கின்றன. பதிவுசெய்யப்பட்ட ஒலியே பாடல் என்பதும், அதனை எவ்வளவுக்கு அணுகினரோ அவ்வளவே தகுதி என்பதும் அவ்வெடுகோள். இஃது எத்துணை ஏற்கத்தக்கது என ஆராய்தல் பயனுடையது. மாணவர் ஒத்திகையிற் செலவிடும் வாரங்களின் பயன் யாது என்பது இவ்வினாவுக்கான விடையிலேயே தங்கியுள்ளது.

ஒருவர் பாடிப் பதிவுசெய்த பாடலைப் பிறரொருவர் மீண்டும் பாடுதலை மேலைநாட்டு இசையுலகிற் 'கவர்' என வழங்குவர். தமிழில் அதனை மீளிசை எனக் குறிப்பிடலாம். இவ்வழக்கத்தின் வரலாறு முற்றிலும் கலை சார்ந்ததன்று. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், ஒரு நிறுவனம் வெளியிட்ட பாடல் விலைபோகத் தொடங்கியதும், அதனையே தன் பாடகரைக் கொண்டு பாடுவித்துச் சந்தையிற் பங்குகொள்ள மற்றொரு நிறுவனம் முனைவது அமெரிக்க இசைத்தட்டு வணிகத்தில் வழக்கமாயிருந்தது. நிறப்பாகுபாடு நிலவிய அச்சமூகத்தில் இதன் விளைவு வெளிப்படையானது. கறுப்பினப் பாடகரான ஃபற்ஸ் டொமினோ 1955 இல் வெளியிட்ட 'எய்ன்ற் தற் எ ஷேம்' என்னும் பாடலை வெள்ளையரான பற் பூன் அதே ஆண்டில் மீளப் பாடினார். அமெரிக்கப் பொப் பாடல் வரிசையில் முதலிடம் பெற்றது பூனின் பதிவேயாகும். எனவே, யார் பாடுகிறார், யாருக்குப் பாடுகிறார், பயன் யாரைச் சேர்கிறது என்னும் வினாக்களிலிருந்து மீளிசையைப் பிரித்து நோக்குதல் இயலாது.

பதிவுக் கருவிகள் பரவுவதற்கு முன்னர் இப்பிரச்சினை இவ்வடிவில் எழுந்திருக்க முடியாது. கருநாடக இசையில் ஒரே கீர்த்தனையைப் பல வித்துவான்கள் பாடுகின்றனர். ஒருவருடைய பாடாந்தரம் மற்றவருடையதினின்றும் வேறுபடுகின்றது. சங்கதிகள் கூடியும் குறைந்தும் வருகின்றன. எனினும் அதனை எவரும் மீளிசை எனக் கூறுவதில்லை. கீர்த்தனை எந்தவொரு பாடகரின் குரலோடும் பிணைக்கப்படாமையே இதற்குக் காரணம். பொப், றொக் இசைகளில் நிலைமை வேறு. அங்கே சொல்லும் மெட்டும் மாத்திரம் மூலமாவதில்லை. ஒரு குறிப்பிட்ட குரல், ஒரு குறிப்பிட்ட கிற்றாரின் நாதம், ஒலிப்பதிவுக்கூடத்தில் ஒன்றன்மேலொன்றாக அடுக்கப்பட்ட ஒலிகள் ஆகிய யாவும் சேர்ந்தே மூலமாகின்றன. ஆகவே, மாணவர் குழுவொன்று ஒத்திகைக்கு அமரும்போது அதன் முன்னால் இருப்பது ஒரு பதிவே. அப்பதிவிலிருந்து பாடலைப் பிரித்தெடுப்பது ஒத்திகையின் முதற்பணியாகின்றது.

முன்னைய ஆக்கமொன்றைத் தழுவிப் பின்னையது எழுதலைத் தமிழ் இலக்கண மரபு நன்கறியும். தொல்காப்பிய மரபியல் வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என நால்வகைப்படுத்தும். முதனூலின் முடிபோடு ஒத்துநின்று, பின்னோன் தான் வேண்டும் வேறுபாடுகளையும் கூறுவது வழிநூல் என்பது நன்னூலார் கருத்து. படியெடுத்தல் இவ்வகைகளுள் ஒன்றாகக் கூறப்படாமை மனங்கொள்ளத்தக்கது. தொகுப்பவனும் விரிப்பவனும் எதனை விடுவது, எதனை வைப்பது எனத் தீர்மானித்தாக வேண்டும். அத்தீர்மானம் முதனூல் பற்றிய ஒரு மதிப்பீடாகும். நூலுக்குக் கூறப்பட்ட இவ்விலக்கணம் மீளிசைக்கும் பொருந்துமாயின், இசையமைப்பை மாற்றும் மாணவர் குழு அப்பாடலைத் திறனாய்வு செய்கின்றது என்றே கொள்ளல் வேண்டும்.

இதற்குத் தக்க உதாரணம் லிவர்பூலிற் கிடைக்கின்றது. ஆர்க்கன்சாஸ் மாநிலச் சிறைகளிற் கறுப்பினக் கைதிகள் பாடிய 'றொக் ஐலண்ட் லைன்' என்னும் பாடல், லெட் பெலி என்னும் பாடகர் வாயிலாகப் பரவியது. அதனை லொனி டொனெகன் 1954 இற் பதிவுசெய்தார். 1956 இல் அது பிரித்தானியாவிற் பெரும் புகழ் பெற்றது. 'ஸ்கிஃபிள்' எனப்பட்ட அவ்விசைக்கு விலையுயர்ந்த வாத்தியங்கள் தேவைப்படவில்லை. தேயிலை அனுப்பும் பலகைப்பெட்டியில் ஒரு தும்புத்தடிக் கம்பையும் கயிற்றையும் பூட்டினால் அதுவே தாழ்சுருதி வாத்தியம். துணி துவைக்கும் நெளிதகட்டுப் பலகையே தாளவாத்தியம். பள்ளி மாணவர் பலர் குழுக்களை அமைக்க இவ்வெளிமை வழிவகுத்தது. அவற்றுள் ஒன்று 1956 இல் ஜோன் லெனன் தம் பள்ளித் தோழருடன் தொடங்கிய குவொறிமென் குழு. 1957 யூலை 6 ஆம் திகதி தேவாலய விழாவொன்றில் அக்குழு, டெல் வைக்கிங்ஸ் குழுவினரின் 'கம் கோ வித் மீ' என்னும் பாடலைப் பாடியது. பாடலின் சொற்கள் லெனனுக்கு முழுமையாகத் தெரிந்திருக்கவில்லை. தெரியாத இடங்களைப் புளூஸ் பாடல்களிற் கேட்ட சொற்களால் அவர் நிரப்பினார். அன்று அவையிலிருந்த போல் மக்கார்ட்னி இதனைப் பிற்காலத்தில் வியப்புடன் நினைவுகூர்ந்துள்ளார். பதிவோடு ஒப்பிட்டு மதிப்பிட்டிருந்தால் அப்பாடல் பிழைபட்டதாகவே கணிக்கப்பட்டிருக்கும். ஆயினும், மெட்டின் ஓட்டத்தைக் குலைக்காது புதிய சொற்களை அதிற் பொருத்துவதற்கு, அம்மெட்டு எவ்விடத்தில் எத்தகைய சொல்லைத் தாங்கும் என்ற அறிவு வேண்டும். பின்னாளிற் பாடலாசிரியராக விளங்கியவரின் பயிற்சி ஈண்டே தொடங்கிவிட்டமை தெளிவு.

இல்லாமை காரணமாக இயல்பாய் நிகழ்ந்த இதனையே திட்டமிட்ட ஒத்திகையாக வளர்த்த மற்றோர் உதாரணம் கனடாவைச் சேர்ந்தது. பிறிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் லாங்லிப் பகுதியில், றொக் இசைப் பின்னணியுடன் ஆசிரியப் பணிக்கு வந்த ஹான்ஸ் ஃபெங்கர், ஆரம்பப் பாடசாலை மாணவருக்கு வழக்கமான சிறுவர் பாடல்களுக்குப் பதிலாக அக்காலப் பொப் பாடல்களைப் பயிற்றினார். 1976, 1977 ஆம் ஆண்டுகளில் அவை பாடசாலை உடற்பயிற்சி மண்டபத்திற் பதிவுசெய்யப்பட்டன. மாணவருக்கும் பெற்றோருக்குமெனச் சில நூறு தட்டுக்களே அச்சிடப்பட்டன. விற்பனை நோக்கம் அங்கு இருக்கவில்லை. அப்பதிவுகள் 2001 இல் மறுவெளியீடு பெற்றபோதே உலகம் அவற்றை அறிந்தது.

அத்தொகுப்பிலுள்ள 'கோட் ஒன்லி நோஸ்' பாடலின் மூலத்தைப் பீச் போய்ஸ் குழுவினர் 1966 இல் வெளியிட்டனர். பிரெஞ்சுக் கொம்பு, ஹார்ப்சிகோட், அக்கோடியன், நரம்பிசைக் கருவிகள் எனப் பல கலைஞர்களின் உழைப்பு அதில் அடங்கியுள்ளது. அவற்றுட் பெரும்பாலானவை ஒரு பாடசாலைக்கு எட்டாதவை. ஆகவே அவை நீங்கின. எஞ்சியவை மெட்டும், அதனைத் தாங்கும் சுரக்கூட்டுக்களின் நகர்வும், பல சிறுவர் ஒருமித்துப் பாடும் குரலுமே. அவை நீங்கியும் பாடல் வீழ்ந்துவிடவில்லை. அதன் உறுதி அலங்காரங்களில் அன்றிச் சுரக்கூட்டின் நகர்விலேயே தங்கியிருந்தது என்னும் உண்மையை, மூலப் பதிவை நூறு முறை கேட்பதால் அறிவதிலும் இவ்வமைப்பை ஒருமுறை கேட்பதால் எளிதில் அறியலாம்.

சொற்பொருள் தொடர்பான மாற்றமும் கருதத்தக்கது. டேவிட் போவி 1969 இல் வெளியிட்ட 'ஸ்பேஸ் ஒடிற்றி', விண்வெளியில் தனித்துப்போன ஒருவனைப் பற்றியது. மூலத்தில் அத்தனிமையைத் தனிக்குரல் உணர்த்துகின்றது. லாங்லியிலோ அதனைக் கூட்டமாகச் சிறுவர் பாடுகின்றனர். ஒருவனின் துயரம், அவனைத் தரையிலிருந்து நோக்கி நிற்போரின் துயரமாக மாறிவிடுகின்றது. இவ்வமைப்பைப் போவியே பின்னர் பெரிதும் பாராட்டினார். ஈகிள்ஸ் குழுவினர் 1973 இல் வெளியிட்ட 'டெஸ்பராடோ'வோ இதற்கு மறுதலை. அதனை ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி பியானோவின் துணையோடு தனித்துப் பாடுகின்றாள். வளர்ந்த ஒருவன் தன்னொத்த தோழனுக்குக் கூறும் அறிவுரையாக ஒலித்த சொற்கள், குழந்தை ஒன்று பெரியவரை நோக்கி விடுக்கும் வேண்டுகோளாகின்றன. ஒரு சொல்லும் மாறவில்லை. பாடுபவர் மாறியதால் பொருள் மாறியது.

இங்கு ஒரு தடை எழலாம். இவ்வாறு கூறுவது இயலாமையைப் புகழ்வதாகாதா? சுருதி பிசகியும் தாளம் தளர்ந்தும் பாடுவோர் யாவரும் 'புதிய நோக்கு' என்று கூறித் தப்பித்துக்கொள்ள மாட்டார்களா? இத்தடை புறக்கணிக்கத்தக்கதன்று. லாங்லிப் பதிவுகளை 2001 இல் வரவேற்றோரிற் சிலர், குழந்தைமையின் கள்ளமற்ற அழகையே அவற்றிற் கண்டனர். இது பாராட்டுப் போலத் தோன்றினும் உண்மையில் அவ்வாக்கத்தின் பின்னாலுள்ள உழைப்பை மறைப்பதாகும். பயிற்சியற்ற குரல்களுக்கேற்ற பாடல்களைத் தேர்ந்தமையும், எவ்விடத்திற் கூட்டாகவும் எவ்விடத்தில் தனித்தும் பாடவேண்டுமென வகுத்தமையும், சிறுவர் கையாளத்தக்க தாளக்கருவிகளுக்கு உரிய இடம் அளித்தமையும் தற்செயலானவை அல்ல. அங்கே பயன்பட்ட ஓர்ஃப் வகைக் கருவிகளும் இந்நோக்குடையனவே. ஜெர்மானிய இசையமைப்பாளர் கார்ல் ஓர்ஃபின் கல்விமுறையில் உருவான அக்கருவிகளில், வேண்டாத சுரத்துக்குரிய தகடுகளைக் கழற்றி வைத்துவிடலாம். கழற்றப்படாத தகடு எதனைத் தட்டினும் அது பாடலோடு இசையும். வரம்பை அறிந்து, அவ்வரம்புக்குள் பிழைக்கு இடமின்றிச் செய்தல் வேறு; பிழையையே பெருமையாகக் கொள்ளுதல் வேறு.

படியெடுத்தலுக்கும் ஓர் இடம் உண்டு என்பதை மறுத்தலாகாது. பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டு, கிற்றாரில் ஒவ்வொரு சுரமாகத் தேடிக்கண்ட மாணவனே அதன் அமைப்பை அறிவான். குருவின் பாடத்தை அவ்வாறே பாடிப் பழகிய பின்னரே சீடன் தன் மனோதர்மத்தை வெளியிடுகின்றான். படியெடுத்தல் தொடக்கமாயின் நன்று. அதுவே முடிவாகும்போது ஒத்திகை வெறும் உடற்பயிற்சியாகிவிடுகின்றது.

இனி, ஒத்திகையின் நடைமுறையை நோக்கலாம். மாணவர் குழு முதலிற் சந்திப்பது சுருதிப் பிரச்சினை. மூலப்பாடகரின் சுருதி தம் பாடகருக்கு ஒவ்வாதபோது, பாடகரை வருத்துவதா, சுருதியை மாற்றுவதா என்ற வினா எழும். சுருதியை மாற்றினால் கிற்றாரின் திறந்த தந்திகள் தரும் நாதம் மாறும். காற்றுக் கருவியாளரின் விரலமைப்பும் மாறும். ஒருவருடைய வசதி மற்றொருவருடைய சிரமமாகின்றது. அடுத்தது காலப்பிரமாணம். வேகத்தைக் குறைத்தால் விரைவில் மறைந்திருந்த சொற்கள் வெளிப்படும். அவற்றின் வறுமையும் சிலவேளை வெளிப்படும். மூன்றாவது, விடுதலும் வைத்தலும். ஒவ்வொரு வாத்தியமாக நிறுத்திப் பார்த்து, எதனை நீக்கியதும் பாடல் அடையாளமிழக்கின்றதோ அதனைக் கண்டறிதல் வேண்டும். அது பல சமயங்களில் எவரும் எதிர்பாராத ஒன்றாயிருக்கும். தொடக்கத்தில் வரும் நான்கு சுரங்களாகவோ, பல்லவிக்கு முன்னுள்ள ஒரு கண மௌனமாகவோ இருக்கலாம்.

இத்தீர்மானங்களை யார் எடுப்பது என்பதே இறுதி வினா. லாங்லி மாணவர் சிறுவராதலின் ஆசிரியரின் கை அங்கு ஓங்கியிருந்தமை இயல்பு. பல்கலைக்கழக மாணவர் குழுவுக்கு அவ்வாறு அமைதல் பொருந்தாது. ஆயினும் நடைமுறையில், நன்கு வாசிக்கத் தெரிந்த ஒருவரோ, வாத்தியங்களுக்கும் ஒலிபெருக்கிக்கும் உரியவரோ தீர்மானிக்க, ஏனையோர் கீழ்ப்படிவது எளிதில் நிகழக்கூடும். பதிவைப் படியெடுக்கும் குழுவில் இந்நிலை வெளித்தெரிவதில்லை. அங்கே பதிவே யாவருக்கும் தலைமை, விவாதத்துக்கு இடமில்லை. இசையமைப்பை மாற்றத் துணியும் குழுவிலோ ஒவ்வொருவரும் தம் விருப்புக்குக் காரணம் கூறவேண்டியவராகின்றனர். 'இவ்விடத்தில் முழவு வேண்டா' என்பவர் ஏன் வேண்டா எனவும் கூறவேண்டும். தாளம் தட்டுபவரும் சொற்பொருள் பற்றிப் பேசுகின்றார். பாடுபவர் பிறர் வாசிப்பதைக் கேட்கப் பழகுகின்றார். ஒரு கவிதையை வகுப்பறையில் ஆராய்வோர் மேற்கொள்ளும் முறைக்கும் இதற்கும் அடிப்படையில் வேறுபாடில்லை. கூறிய கருத்தை உடனடியாக வாசித்துச் சோதிக்கலாம் என்பதே ஒத்திகைக்குள்ள மேலதிக வாய்ப்பு.

இவ்வகையில் நோக்குமிடத்து, மாணவர் மீளிசையை மதிப்பிடும் அளவுகோல் மாறவேண்டியுள்ளது. பதிவை எவ்வளவு ஒத்திருந்தது என்று வினவுவோர், அவ்வினாவுக்கு விடை காண மாணவரை மேடையேற்ற வேண்டியதில்லை, பதிவையே ஒலிக்கவிடலாம். பாடலில் எதனைத் தேர்ந்தனர், எதனை விடுத்தனர், அதற்குக் காரணம் இசையிலேயே புலப்படுகின்றதா என்று வினவுவதே தகும். அவ்வினாவுக்கு விடை கூறத்தக்க குழுவின் குரல் சற்றுத் தளர்ந்திருப்பினும், அவையோர் முன்னர் அறிந்திருந்த பாடலொன்றைப் பற்றி அறியாத ஒன்றை அது கூறியிருக்கும்.