ஆளில்லா அறைகளின் தோம்பு

அரபுக் கவிதை பயில்வோர் முதலில் சந்திப்பது பாழ்மனையைத்தான். அறியாமைக் காலக் கவிஞர், காதலியின் குடும்பம் பெயர்ந்துபோன இடத்தில் ஒட்டகத்தை நிறுத்தி அழுத பின்னரே கஸீதாவைத் தொடர்வார். லபீத் இப்னு ரபீஆ (ரலி) அவர்களின் முஅல்லகாவும் அவ்வாறே தொடங்குகிறது. எஞ்சிய தடங்களை, எழுதுகோல் புதுப்பித்த எழுத்துக்கு ஒப்பிடுகிறார் அவர்.

யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன் 2011-ல் வெளியிட்ட 'முற்றுப்பெறாத தோம்பு' நூலைக் காணும்போது லபீதே நம் நினைவில் நிற்கிறார். தோம்பு என்பது ஒல்லாந்தர் ஆட்சியில் இலங்கையில் எழுதப்பெற்ற நிலப்பதிவேடு. போரினால் வீடிழந்த வடபுலத்துத் தமிழரும் முஸ்லிம்களும் தத்தம் வீட்டை நினைவிலிருந்து கோடிட்டுக் காட்டினர். எண்பது வீடுகள். ஒவ்வொன்றுக்கும் கட்டடக் கலைஞரின் திருத்தமான வரைபடம் ஒன்று. அதையடுத்துச் சனாதனனின் ஓவியம். உடன், வீடிழந்தவரின் சொற்கள்.

இளையரசனேந்தலில் வீடு கட்டுவோர் கடைக்கால் தோண்டுமுன் தரையில் சுண்ணாம்புக் கோடு போடுவர். அது வரப்போகும் வீட்டின் கோடு. இங்கே போய்விட்ட வீட்டுக்குக் கோடு போடுகிறார்கள். பழகாத கை இழுத்த கோணல் கோடுகளே நம்மை மிகவும் கலக்குகின்றன. கட்டடக் கலைஞர் சுவரை நேராக்கியதும் வீடு அந்நியமாகிவிடுகிறது. ஓவியர் வேண்டுமென்றே இவ்விரண்டையும் அருகருகே வைத்தார் என்பதே நம் கருத்து. தேர்ந்த கையால் வரைந்த அவருடைய சொந்த ஓவியங்கள், அக்கோணல் கோடுகளுக்குப் பின் சற்றுத் தணிந்தே ஒலிக்கின்றன.

ஓவியம் என்றதும் முகம் சுளிக்கும் அன்பர்களுக்கு ஒரு சொல்: படம் வரைந்து பிழைத்த ஒருவரிடம், மரத்தையும் உயிரற்றவற்றையும் வரையுமாறு இப்னு அப்பாஸ் (ரலி) கூறியது புகாரியில் உண்டு. இவ்வீட்டு வரைபடங்களோ அறையும் சுவருமே.

ஓரிடத்தில் மட்டும் நாம் தயங்குகிறோம். 1990 அக்டோபர் 30 அன்று விடுதலைப் புலிகள் யாழ்ப்பாண முஸ்லிம்களை இரண்டு மணி நேரத்தில் வெளியேறச் செய்தனர். அம்மாத இறுதிக்குள் வடபுலம் முழுவதுமிருந்து சுமார் எழுபதாயிரம் பேர் விரட்டப்பட்டனர். பெரும்பாலோர் புத்தளம் சேர்ந்தனர். குண்டுக்கு அஞ்சி ஓடியவர் வீடும், அண்டை அயலார் பார்த்திருக்க விரட்டப்பட்டவர் வீடும் வரைபடத்தில் ஒன்றுபோலவே இருக்கின்றன. யார் விரட்டினார் என்பதைக் கோடு சொல்லாது. ஆகவே படத்தோடு நில்லாமல், உடனுள்ள சொற்களையும் படித்தே ஆக வேண்டும்.

லபீத் பாழ்மனையின் எதிரே நின்று பாடினார். இவர்களுக்கு அவ்வாறு நிற்கவும் நெடுங்காலம் வாய்க்கவில்லை. அவ்வாண்டு புத்தளத்து முகாமில் பிறந்த பிள்ளைக்கு இன்று முப்பது வயது கடந்துவிட்டது. சோனகர் தெரு வீட்டில் அடுக்களை எப்பக்கம் என்று வினவினால், அவர் தம் தாயைத்தான் கேட்க வேண்டும்.