வாசலில் ஓர் எண், உள்ளே ஒரு கோப்பை

டெக்ஸஸ் மதுக்கூடங்களில் ‘51%’ என்று பெரிய சிவப்பு எழுத்தில் ஓர் அறிவிப்புப் பலகை இருக்கும். அங்கேயே அருந்தும் மதுவிலிருந்து வருவாயில் 51 சதவீதமோ அதற்கு மேலோ ஈட்டும் கடை அது. துப்பாக்கி உரிமம் பெற்றவரும் ஆயுதத்தோடு நுழையக் கூடாது. மீறினால் 2 முதல் 10 ஆண்டு வரை சிறை. எந்தக் கடை இந்த வரம்புக்குள் வரும் என்பதை மாநில மதுபான ஆணையம் தீர்மானிக்கிறது.

இந்த விதியின் பலம் அதன் தெளிவு. 2009-ல் டென்னசி, ஆளுநரின் மறுப்பையும் மீறி, மது பரிமாறும் உணவகங்களில் துப்பாக்கியை அனுமதித்தது. எது உணவகம் என்பதில் தெளிவில்லை என்று நாஷ்வில் நீதிமன்றம் அச்சட்டத்தைத் தள்ளியது. மறு ஆண்டே சட்டமன்றம் மதுக்கூடங்களையும் சேர்த்துத் திறந்துவிட்டது. டெக்ஸஸின் எண்ணில் அந்தக் குழப்பத்துக்கு இடமில்லை. தெரிந்தே துப்பாக்கியை அனுமதிக்கும் கடைக்காரரின் மது உரிமத்துக்கே ஆபத்து என்பதால், அவரும் கண்காணிப்பார்.

ஆனால் அந்த எண் கடையின் கல்லாவை அளக்கிறதே ஒழிய, குடிப்பவரின் நிதானத்தை அளப்பதில்லை. நண்பர்களைக் காரில் அழைத்துப்போகத் துப்பாக்கியோடு வந்து சோடா மட்டும் குடிப்பவர் மதுக்கூடத்தில் குற்றவாளி. எதிரே உள்ள உணவகத்தில் இடுப்பில் துப்பாக்கியோடு பீர் குடிப்பவர், போதை ஏறும்வரை குற்றவாளி அல்ல. சட்டைக்குள் இருக்கும் துப்பாக்கி, ஊற்றிக் கொடுப்பவர் கண்ணில் படவும் படாது. 2021 முதல் டெக்ஸஸில் கைத்துப்பாக்கியை ஏந்திச் செல்ல உரிமமே கட்டாயமில்லை. உரிமத்துக்கான வகுப்பில் இந்த விதிகளைப் படித்துத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பும் அதோடு பலருக்குப் போயிற்று.

துப்பாக்கி ஏந்தும் உரிமையின் ஆதரவாளர்கள் டெக்ஸஸின் கில்லீன் நகரில் 1991-ல் நடந்த படுகொலையை நினைவூட்டுவார்கள். லூபிஸ் உணவகத்தில் 23 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். பெற்றோரை அங்கே பறிகொடுத்த சுசானா ஹப், அன்றைய சட்டத்துக்கு அஞ்சித் தன் துப்பாக்கியைக் காரிலேயே விட்டிருந்தார். அந்த வேதனையை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அது நிதானத்தில் இருப்பவரின் தற்காப்புக்கான வாதம். குடித்தவர் கையில் துப்பாக்கி இருக்கலாமா என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை.

அந்தப் பதில் டென்னசி சட்டத்தில் இருக்கிறது: மது பரிமாறும் இடத்தில் துப்பாக்கி வைத்திருப்பவர் ஒரு சொட்டும் குடிக்கக் கூடாது. மதுக்கூட வாசலில் டெக்ஸஸின் தடையும், மற்ற உணவகங்களில் டென்னசியின் விதியும் சேர்ந்தால்தான் சட்டம் முழுமை பெறும். போதை எப்போது ஏறியது என்று நிரூபிப்பதைவிட, குடித்தாரா என்று பார்ப்பது காவலருக்கும் எளிது.